எண்பத்தெட்டாம் நம்பர் கண்ணாடி

பெவன் என்கிற பையன் மலை ஏறினால் மட்டும் வானம் எங்கிருந்துதான் வெளுக்குமோ தெரியாது. அலஸ்டர் ரென்னிக்கு அந்தப் பையன்மேல் வந்த முதல் எரிச்சலே அதுதான். 1931 ஆகஸ்டில் ரென்னியின் குழு பனிவெளிக்குத் தெற்கே ஒரு முகட்டில் பதினொரு நாள் மேகத்துக்குள் உட்கார்ந்திருந்தது. காமிராவை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன பீன்ஸைத் தின்றுகொண்டு, ஒரு மணி நேர வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடந்தார் மனுஷன். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தே நிமிஷம் திரை விலகியது. எதை எடுக்கிறோம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நாலு கண்ணாடித் தகட்டில் நாலு படம் எடுத்தார். காற்று ஆளைத் தூக்குவதற்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அதே வாரம் பனிவெளிக்கு வடக்கே பெவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிகரத்தில் ஏறியிருக்கிறான். சட்டையைக் கழற்றிப் போட்டு, வெயிலில் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே முப்பது படம் எடுத்திருக்கிறான். இதை அவனே வந்து சிரித்துக்கொண்டு சொன்னான். பாடினானாம்.

விக்டோரியா நகரத்தில் இருந்த அந்த வரைபட அலுவலகத்தில் மலைக்காரர்கள் ஏழு பேர். கோடையில் கடலோர மலைகளில் ஏறுவார்கள். மலைகளுக்குள் நீண்டு நுழையும் கடல்வாயின் முனையில் படகிலிருந்து இறங்கினால் அக்டோபர் வரை ஊர் கிடையாது. பேய்த்தடி என்கிற முட்புதரும் கரடியும் மழையும்தான். மழைக்காலத்தில் அலுவலகத்து மேஜையில் குனிந்து, எடுத்துவந்த படங்களிலிருந்து மலைகளைத் தாளில் இறக்குவார்கள். ஏழு பேரில் மூத்தவர் ரென்னி. நாற்பத்திரண்டு வயது, பன்னிரண்டு கோடை, இடது முழங்காலில் ஒரு நிரந்தர வலி. கடலோர வரைபட ஷீட்டுகளில் இன்னும் அளக்காத ஒரே ஒரு பெரிய வெள்ளை மிச்சமிருந்தது, அந்தப் பனிவெளி. அடுத்த கோடையில் அதற்குத் தலைமை தாங்கிப் போகிறவர் பெயர் ஷீட்டின் மூலையில் அச்சாகும். அது ரென்னிதான் என்று அலுவலகத்தில் எல்லோரும் பேசாமலே முடிவு செய்திருந்தார்கள். ரென்னியும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

நவம்பரில் பெவன் ஒரு மலையைக் கொண்டுவந்தான்.

பனிவெளியின் நட்ட நடுவில், எந்தக் கப்பல்காரனும் எந்த வேட்டைக்காரனும் பார்த்திராத ஒரு சிகரம். காமிராவை நிறுத்தும் இடத்தை நிலை என்பார்கள்; அவனுடைய இரண்டு நிலைகளிலிருந்து எடுத்த படங்களில் தெரிந்தது. ஒவ்வொரு நிலையிலிருந்தும் சிகரத்தின் திசையில் ஒரு கோடு தாளில் நீட்டினான், இரண்டும் வெட்டிக்கொண்டன. உயரம் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது அடி. அந்த ஷீட்டிலேயே அதற்கு மேல் உயரம் கிடையாது. தலைமை அதிகாரி ஹெஸ்கெத் எழுந்து வந்து பெவனின் மேஜைமேல் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கோடுகள் வெட்டிய புள்ளியைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஹெஸ்கெத் தன் மேஜைக்கு எழுந்து வந்ததே இல்லை என்பது ரென்னிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வயிறு எரிந்தது. எரிச்சல் என்று மழுப்ப வேண்டாம், அது பச்சைப் பொறாமை. அன்றைக்குக் கொதிக்கிற தேநீரை ஆற்றாமல் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"நல்லாருக்கு பெவன்," என்றார் ஹெஸ்கெத். "ஆனா ரெண்டு கோடுதான இருக்கு."

"ஆமா சார்."

"ரெண்டு கோடு எங்க வேணா வெட்டிக்கும். நீங்க ஒரு நிலைலேருந்து பாத்தது ஒரு மலை, இன்னொரு நிலைலேருந்து பாத்தது வேற மலைன்னு வைங்க. அப்பவும் வெட்டிக்கும், ஆனா வெட்டற இடத்துல வெறும் காத்துதான் இருக்கும். மூணாவது கோடு வந்து அதே புள்ளில விழுந்தாத்தான் நான் மலைன்னு ஒத்துக்குவேன்."

மூன்றாவது கோடு வேறு யாரிடம் இருக்கும்? தெற்கிலிருந்து அந்தப் பக்கம் பார்த்துப் படம் எடுத்தவர் ஒரே ஆள்தான். அரை மணி நேரத்தில் பெவன் ரென்னியின் மேஜைக்கு வந்து நின்றான்.

"மிஸ்டர் ரென்னி, தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க தெற்கு நிலைப் படத்துல என் மலை விழுந்திருக்கான்னு பாக்கணும். கணக்குப் போட்டுட்டேன். உங்க நிலைலேருந்து கோணம் முந்நூத்தி நாப்பத்தோரு டிகிரி, பதினேழு நிமிஷம். அந்தத் திசைல இருக்கணும்."

என் மலையாம். ரென்னி பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பக்கம் எடுத்தது ஒரே படம்தான். எண்பத்தெட்டு. ஒரே மூட்டமா இருக்கும், பெருசா நம்பாதீங்க."

"விழுந்திருந்தா போதும் சார். நீங்க அந்தப் பதினோரு நாள் உக்காந்திருந்தீங்களே, அதுக்கு நான் உங்களுக்கு ஆயுசு பூரா கடமைப்பட்டிருப்பேன்."

அவன் அதை மனசாரத்தான் சொன்னான். ரென்னியின் காதில் அது குத்திக்காட்டுவதுபோல விழுந்தது. நீ பதினோரு நாள் ஈரத்தில் குந்தியிருந்தது எனக்குச் சாட்சி சொல்லத்தான் என்கிறானா?

வீட்டிலும் நிம்மதி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ரென்னியின் மனைவி ஐல்சா பெவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். ஆட்டுக்கறி வறுவலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான், தட்டுகளைத் தானே எடுத்துவைத்தான், பியானோவில் ஒரு வேல்ஸ் பாட்டு வாசித்தான். அவன் போன பிறகு ஐல்சா பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நல்ல பையன். பேசறப்ப அந்த மலை கண் முன்னால வந்து நிக்குது. நீயும் பன்னெண்டு வருஷமா போய்ட்டு வர்ற, ஒரு நாள் இப்படிச் சொன்னதுண்டா?"

"நான் போறது அளக்க. கதை சொல்றதுக்கு இல்ல."

"கோவிச்சுக்காத அலஸ்டர். உன் முகம் ஏன் இப்படிப் போகுது?"

"முகத்துக்கு ஒண்ணும் இல்ல. முட்டி வலி."

மறுநாள் காலையில் அலுவலகம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரென்னி போய்விட்டார். அவருடைய தகடுகளில் பாதி இன்னும் தாளில் பிரதி எடுக்கப்படாமல் பெட்டியிலேயே இருந்தன. பிரதி எடுத்துத் தரச் சொல்லிப் படக்கூடத்து ஆளிடம் கேட்டால் ஏன், எதற்கு என்பான்; மத்தியானத்துக்குள் பெவனுக்கும் தெரிந்துவிடும். தான் மட்டும் முதலில் பார்க்கவேண்டும் என்பதுதான் ரென்னியின் அவசரம். படத்தில் மலை இருந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. இல்லாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டார், தேவாலயத்தில்கூட அவ்வளவு உருக்கமாக வேண்டியது கிடையாது.

எண்பத்தெட்டாம் தகட்டை உருவி, கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்கும். மருந்துப் பக்கம் ஜன்னலைப் பார்த்து இருக்கவேண்டும், வெறுங்கண்ணாடி நம்மைப் பார்த்து. திருப்பிப் பிடித்தால் இடது வலதாகும், வலது இடதாகும். எது எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் இந்தத் தொழில்காரர்கள் தகட்டின் ஒரு மூலையை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் மருந்து. ரென்னி பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு தகட்டையும் உதட்டில் வைத்துத்தான் எடுப்பார். மூலைகளில் அவர் மீசை மயிர் ஒட்டியிருக்கிறது என்று படக்கூடத்து ஆள் கேலி செய்வான். அன்றைக்கு வைக்கவில்லை. மூலையில் கீறியிருந்த எண்ணைப் பார்த்தார், நேராகத்தான் இருந்தது. 88 என்ற இலக்கங்களைக் கண்ணாடியின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் 88தான் என்பது அவர் புத்தியில் உறைக்கவில்லை.

படத்தின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி பெவனின் மலை இருக்கவேண்டும். அங்கே தாழ்ந்த பனிச்சரிவும் அதன்மேல் ஒரு சின்ன மொட்டும்தான் இருந்தன. வலப்பக்கம் ஒரு பெரிய சிகரம் நின்றது. அது கெண்டி மலை என்று எடுத்துக்கொண்டார். பழைய வரைபடத்திலேயே இருக்கிறது, கிட்டத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. ரென்னி திரும்பத் திரும்பப் பார்த்தார். இடப்பக்கம் மலை இல்லை. இல்லவே இல்லை. அவர் நெஞ்சில் பாலை வார்த்தாற்போல இருந்தது. டிரேசிங் தாளைத் தகட்டின்மேல் வைத்து, வானத்தோரக் கோட்டை அப்படியே பென்சிலால் நகல் எடுத்தார். அவர் கையெழுத்தும் கோடும் அலுவலகத்தில் பேர்போனவை. கீழே ஓரத்தில் 88 என்று அழகாக எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஹெஸ்கெத்தின் அறையில் தகட்டை அதே மாதிரி ஜன்னலில் பிடித்துக் காட்டினார்.

"வருத்தமாத்தான் இருக்கு சார். பையன் ஆசைப்பட்டுட்டான்," என்றார். குரலில் வருத்தத்தை வரவழைப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஹெஸ்கெத் பார்த்தார். தகட்டைக் கையில் வாங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்து ஆள் பிடித்துக் காட்டும்போது யார் வாங்கிப் பார்ப்பார்கள்? பெவனைக் கூப்பிட்டார்கள். அவனும் குனிந்து, கண்ணைச் சுருக்கி, இடப்பக்கத்தையே வெகுநேரம் பார்த்தான். அவன் காது மடல் சிவந்துபோனது.

"நான் பாத்தேன் சார். ரெண்டு இடத்துலேருந்தும் பாத்தேன்."

"ரெண்டு இடத்துலேருந்து ரெண்டு மலையப் பாத்திருப்பீங்க," என்றார் ரென்னி. "சின்ன வயசுல எனக்கும் நடந்திருக்கு. வானம் தெளிவா இருந்தா கண்ணு ஏமாத்தும், மேகத்துல நின்னு பழகணும்."

கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆகஸ்டிலிருந்து உள்ளே ஊறிக்கொண்டிருந்தது, சொல்லிவிட்டார். பெவன் ஜன்னலைவிட்டு நகர்ந்தான். "அப்ப என் தப்புதான் போல," என்று முணுமுணுத்துவிட்டு, தன் மேஜைக்குப் போய், ஷீட்டில் அந்தச் சிகரத்தைத் தானே பிளேடால் சுரண்டி எடுத்தான். சுரண்டும் சத்தம் ரென்னியின் மேஜை வரை கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சட்டென்று நடந்தது. இல்லாத மலைக்கு உயரம் போட்ட ஆளைப் பனிவெளிக்கு அனுப்ப முடியுமா? பெவனை ஓக்கநாகன் பள்ளத்தாக்குக்கு மாற்றினார்கள், ஆப்பிள் தோட்டங்களுக்கு எல்லைக்கல் நடும் வேலை. அலுவலகத்தில் அவனுக்கு 'இல்லாத மலைக்காரர்' என்று பேர் விழுந்தது. பனிவெளித் தலைமை ரென்னிக்கு வந்தது. ஐல்சா ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள்: "பாவம், அந்தப் பையன் கதை சொன்னானே, அது பொய்யா?" ரென்னி பொய் இல்லை, தப்பு என்றார். அந்த மழைக்காலம் முழுக்க அவர் நன்றாகத் தூங்கினார்.

ஜூலையில் பனிவெளிக்குப் போனார்கள். சமையலுக்கு ஸ்வெர்ரே வந்தான். பெல்லா கூலா ஊர்ப் பக்கத்தில் குடியேறிய நார்வேக்காரன், அறுபதை நெருங்கியவன், போன வருஷம் பெவனின் குழுவில் இருந்தவன். பழைய தெற்கு நிலையிலிருந்துதான் புது வேலையைத் தொடங்கவேண்டும். சுமைக்காரன் ஒருவன் பாறையில் காலைக் கிழித்துக்கொண்டதால் காமிராப் பெட்டியை ஸ்வெர்ரேயே முதுகில் கட்டிக்கொண்டு ஏறினான். காலை எட்டு மணிக்கு முகட்டை அடைந்தார்கள். மேகம் ஒரு பொட்டு இல்லை. என் பங்குக்கு இன்றைக்கு வெளுத்ததே என்று ரென்னிக்குச் சந்தோஷம். மூச்சு வாங்க நிமிர்ந்து வடக்கே பார்த்தார்.

இடப்பக்கம் ஒரு மலை நின்றது.

சின்ன மலை இல்லை. பனிவெளியிலிருந்து ஒரே எழும்பாக எழும்பி, தோளில் பனிச்சுமையோடு, சுற்றியிருந்த அத்தனையையும் குட்டையாக்கிக்கொண்டு நின்றது. கெண்டி மலையாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். கெண்டி மலை வலப்பக்கம் இருந்தது, ஒரு தாழ்ந்த சரிவின்மேல் சின்ன மொட்டாக. ரென்னி பையிலிருந்து டிரேசிங் தாளை எடுத்தார். நவம்பரிலிருந்து அதை அங்கேதான் வைத்திருந்தார், வெற்றிச் சான்றிதழ்போல. எதிரே பிடித்துப் பார்த்தார், பொருந்தவில்லை. காற்று ஒரு வீச்சில் தாளைப் புரட்டி, பனித்துளி படிந்த காமிராப் பெட்டியின்மேல் அறைந்து ஒட்டியது. மறுபக்கம் தெரிந்தது. மெல்லிய தாள்தானே, பென்சில் கோடு பின்னாலும் தெரியும். அந்தக் கோடு எதிரே இருந்த வானத்தோரத்தோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஓரத்தில் 88 என்று இருந்தது, நேராக.

ரென்னி தன் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போதும் மனசு விடவில்லை. மலை இருக்கலாம், பையன் போட்ட இடம் தப்பாக இருக்கலாமே. கொஞ்சமாவது பிசகியிருக்கக் கூடாதா? கோணம் அளக்கும் தியோடலைட்டை நிறுத்தி, வேண்டுமென்றே அதன் தூரக்கண்ணாடிக்குள் பார்க்காமல், டிகிரி குறித்த வட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்பினார். முந்நூற்று நாற்பத்தொரு டிகிரி, பதினேழு நிமிஷம். அந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கவில்லை. பிடிக்காதவர்கள் சொன்னதெல்லாம் எப்படியோ மனப்பாடம் ஆகிவிடுகிறது. திருகை இறுக்கிவிட்டு, குனிந்து கண்ணை வைத்தார். குறுக்குக் கோடு சிகரத்தின் உச்சியில் நின்றது. கோணத்தில் அரை நிமிஷம்கூடப் பிசகில்லை.

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வெட்கத்தில் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது முதலில் பொறாமையில் வந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து, பாட்டுப் பாடிக்கொண்டு, இவ்வளவு சுத்தமாக ஒரு கோணம் எடுக்க அவனால் எப்படி முடிந்தது? தன்னால் முடிந்திருக்காது என்று ரென்னிக்குத் தெரியும். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தபோது கனமாக வந்தது.

ஸ்வெர்ரே பாறை மறைவில் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தான்.

"அது என்ன மலை பாஸ்?"

"ஏன் கேக்கற?"

"போன வருஷம் அந்தப் பக்கத்துலேருந்து தினமும் பாத்தேன். டீ போடறப்ப எல்லாம் மூஞ்சிக்கு நேரா நிக்கும். அப்புறம் ஆபீஸ்ல இல்லைன்னு தீர்ப்பு சொல்லிட்டதா கேள்விப்பட்டேன். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

"இப்பவும் தெரியுதா?"

"தெரியுதே பாஸ். டாக்டர்கிட்ட போகணும் போல."

சிரிக்கவில்லை அவன். ரொட்டி மாவை வாணலியில் தட்டிக்கொண்டிருந்தான்.

ரென்னி படம் எடுத்தார். தகட்டைச் செருகுமுன் மூலையை உதட்டில் வைத்தார், ஒட்டியது. பிறகு களப்புத்தகத்தைத் திறந்தார். கோணத்தை எழுதிவிட்டார். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், பார்த்தது எது என்று எழுதவேண்டும். பென்சில் அங்கே நின்றது.

பெவனின் புள்ளி ஷீட்டில் இல்லை, அவனே சுரண்டிவிட்டான். எண்பத்தெட்டாம் தகட்டை யாரும் இன்னும் பிரதி எடுக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு தகடு கைதவறி விழுந்து உடைவது அதிசயம் இல்லை. பனிவெளியின் தலைவர் பனிவெளியில் ஒரு சிகரத்தைக் கண்டுபிடிப்பதும் அதிசயம் இல்லை. ஹெஸ்கெத் எழுந்து வந்து மேஜைமேல் குனிவார். ஐல்சாவுக்குக் கதை சொல்லலாம். இரண்டே வார்த்தை எழுதினால் போதும், அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக வராதது எல்லாம் வந்து சேரும். ஸ்வெர்ரே? சமையல்காரன் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்?

எழுதினார். *புதிய சிகரம்.*

தன் அழகான கையெழுத்தில் அந்த இரண்டு வார்த்தைகளையும் பார்த்தார். பக்கத்திலேயே கோணம் இருந்தது, 341, 17. அது அவர் கண்டுபிடித்த எண் இல்லை. பெவன் அவர் மேஜைப் பக்கத்தில் வந்து நின்று, மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போன எண். ரென்னி இந்தப் புத்தகங்களில் மழையில் எழுதியிருக்கிறார், காய்ச்சலில் எழுதியிருக்கிறார், பொய் எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டார்.

ஸ்வெர்ரே தேநீர்க் குவளையோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவனுக்கு.

"புதிய," என்று படித்தான். குவளையைக் கல்லின்மேல் வைத்தான். "உங்க பெட்டில ரப்பர் கிடையாதா பாஸ்?"

"களப்புத்தகத்துல அழிக்கக் கூடாது. தப்பா எழுதினா ஒரே ஒரு கோடு போடணும். அடில இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானத எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"எழுதின தப்பு அப்படியே நிக்குமா?"

"நிக்கும்."

"சமையலுக்கு அந்தச் சட்டம் இல்ல, நான் பொழச்சேன்," என்று சொல்லிவிட்டு ஸ்வெர்ரே அடுப்புக்குப் போய்விட்டான்.

ரென்னி தேநீர் ஆறும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு *புதிய சிகரம்* என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் *பெவன் கண்ட சிகரம்* என்று எழுதி, அ.ரெ. என்று கையெழுத்திட்டார். அடியில் இருந்தது நன்றாகவே படிக்கத் தெரிந்தது.

அக்டோபரில் களப்புத்தகத்தையும் பழைய எண்பத்தெட்டாம் தகட்டையும் ஹெஸ்கெத்தின் மேஜையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். ஹெஸ்கெத் இந்தத் தடவை தகட்டைக் கையில் வாங்கி, மூலையை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலில் பிடித்தார். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, கோடு போட்ட வரியை விரலால் தடவினார்.

"பன்னெண்டு வருஷம் ரென்னி."

"ஆமா சார்."

"நானும் கையில வாங்கிப் பாக்கல. அது என் தப்பு." புத்தகத்தை மூடினார். "இந்தக் கோட்டுக்கு அடில இருக்கறது உங்க தப்பு. அடுத்த கோடைல பனிவெளில மிச்ச வேலை பெவனுக்கு. நீங்க ஆப்பிள் தோட்டத்துக்குப் போங்க. இந்த ஷீட்ட எழுத்துப் போட்டு முடிச்சுட்டுப் போங்க, உங்க எழுத்துக்கு இங்க வேற ஆள் இல்ல. மலைக்குப் பேர் வைக்கற உரிமை பெவனுக்கு. அவருக்கு நீங்களே எழுதிக் கேளுங்க."

அந்தக் கடிதத்தை எழுத ரென்னிக்கு நாலு நாள் ஆனது. எதையும் மறைக்கவில்லை, பொறாமை என்ற வார்த்தையைக்கூட எழுதினார். மலைப் பெயர்களை முடிவு செய்யும் பெயர்க்குழு உயிரோடிருக்கும் ஆட்கள் பெயரை ஏற்காது என்பதை மட்டும் கடைசியில் நினைவூட்டினார். பெவன் தன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. ஒரு பக்கம் ஆப்பிள் மரத்தின் படம். மறுபக்கம் ஒரே வரி:

'மறுபக்க மலை என்று வைக்கலாம். ஐ. பெவன்.'

பெயர்க்குழு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பனிவெளிக்கு மறுபக்கம் இருக்கிற மலை, அவர்களுக்கு அதில் என்ன தெரியும்? எதன் மறுபக்கம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. படக்கூடத்து ஆள் அட்டையைப் படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருட்டறைக்குள் ஓடினான்.

ரென்னி பேனாவை மையில் தொட்டு, பனிவெளியின் நடுவில், பெவன் சுரண்டிய இடத்தில், எழுத்தெழுத்தாக அந்தப் பெயரை எழுதினார். இனி எத்தனை காலமானாலும் கடலோரத்தின் அந்த ஷீட்டைப் பிரிக்கிறவர்கள் அதைப் படிப்பார்கள். கீழ்மூலையில் 'அளந்தவர் அ. ரென்னி' என்றும் எழுதவேண்டியிருந்தது, எழுதினார். இரண்டையும் ஒருமுறை சேர்த்துப் படித்துப் பார்த்தார்.

ஒரு வசைச் சொல் இல்லை, ஒரு பொய் இல்லை, இதைவிடக் கச்சிதமாக அந்த மலைக்குப் பெயர் வைக்கவே முடியாது. இது தனக்குத் தோன்றவில்லையே என்று ரென்னிக்கு வயிறு எரிந்தது. மை காய்வதற்காகத் தாளை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தார்.